சக்கரம் நிற்கும் வரை

காதில் கோளாறு என்று மருத்துவர் எழுதிவிட்டால் அக்கா இனி விமானம் ஓட்ட முடியாது. வெள்ளிக்கிழமை பரிசோதனை. அவள் தைரியமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நான் விமானக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எனக்கு இருக்கும் பெயர்.

அக்கா ஓட்டுவது தபால் மூட்டை ஏற்றும் சின்ன விமானம். மேகத்துக்குள் போனால் வானமும் தெரியாது, தரையும் தெரியாது. சாய்ந்து பறந்தாலும் நேராகத்தான் போகிறோம் என்று உடம்பின் சமநிலையை உணரும் நம் காது சத்தியம் பண்ணும். அதனால் விமானிகள் காதை விட்டுவிட்டு, முன்னாலிருக்கும், சாய்வைக் காட்டும் கருவியை நம்புவார்கள். அதற்குள் இருப்பது கைரோஸ்கோப், அசுர வேகத்தில் சுழலும் ஒரு சக்கரம். சுழலும் வரை அது லேசில் திசை மாறாது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அது தன் பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும். கப்பலுக்கு வடக்கு காட்டுவதும் இப்படி ஒரு சக்கரம்தான். கைப்பேசியைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அதற்குள்ளும் இதன் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் சுழலும் சக்கரம் இல்லை.

"நான் நேராத்தான் போனேன், கருவிதான் சாயுறேன்னு காட்டுச்சு" என்றாள் அக்கா. "சாஞ்சிருந்தா விமானம் திரும்பியிருக்கணும்ல? திசைகாட்டி அசையவே இல்லடி."

அக்காவின் மேலாளர் கருவியை மாற்றினார். சில வாரங்களில் புதியதும் அதே கதையைச் சொன்னது. "ரெண்டு கருவியுமா பொய் சொல்லும்? காதைக் காட்டுங்கம்மா" என்று சொல்லி, பறக்க விடாமல் அவளைத் தரையில் உட்கார வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. இரண்டையும் கேட்டு வாங்கிப் பிரித்தேன். இரண்டிலும், சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங்கில் ஒரே மாதிரி அடிபட்ட காயம். வானத்தில் இதை யார் அடிப்பது? அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் மாலை ஓடுதளத்துக்கே போனேன். வேறொரு விமானி அதே விமானத்தை இறக்கினார். அதன் மெக்கானிக் என் அத்தான்தான், அக்காவின் கணவர். இன்ஜினை அணைத்ததுமே உள்ளே ஏறி, மூன்றாவதாக மாட்டிய கருவியைக் கழற்றித் துண்டில் சுற்றினார்.

"எதுக்கு அத்தான் கழட்டுறீங்க?"

"ராத்திரி ஈரம் ஏறிடும்மா. தினமும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். இந்தா, பிடி."

வாங்கிச் சாய்த்தேன். பெட்டி என் கைக்குள் திமிறியது. உள்ளே தட், தட் என்று அடி விழுந்தது.

"ஐயோ அத்தான், சக்கரம் இன்னும் சுத்துது!"

"கரண்ட்தான் நின்னுடுச்சே?"

"ஃபேனை அணைச்ச உடனே நின்னுடுதா? இது அதைவிட ரொம்ப நேரம் சுத்தும்!"

சுழலும் சக்கரத்தை ஒரு பக்கம் சாய்த்தால் அது இன்னொரு பக்கம் திமிறும். அதைத் தாங்கும் வளையம் தடுப்பு வரை போய் மோதும். அந்த அடியெல்லாம் பேரிங்கில் இறங்கும். பேரிங் கெட்டால் சக்கரம் நிமிர்ந்து நிற்காது, கருவி பொய் சொல்லும். அத்தான் கைக்குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி, தினமும் அதை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நன்றாகத் திட்ட வாயெடுத்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"அவளுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதானேம்மா..." என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலாளரின் மேசையில் பேரிங்குகளை வைத்து அவருக்கு நடந்ததை விளக்கினேன். வெள்ளிக்கிழமை மருத்துவரும் காதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மீண்டும் பறந்து இறங்கிய அன்று அக்கா இன்ஜினை அணைத்தாள். நானும் அத்தானும் ஏறி அவள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தான் ஸ்க்ரூடிரைவரை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளையைப் போலக் காத்திருந்தார். உள்ளே ஒரு மெல்லிய ரீங்காரம் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தானுக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது, கருவியைக் கழற்றக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. எனக்கு இன்னும் கேக்குது."