பதினொரு மணித்தியாலம்

சிவமலர் பொய் சொல்லவில்லை. உண்மையை முழுதாகச் சொல்லவுமில்லை. திருகோணமலையில் தனியாக இருக்கும் அப்பா நடராசா, அவள் இருக்கும் கனடாவின் மொந்திரியாலுக்கு வரச்சொன்னால், வெகுதூரம், தன்னால் ஏலாது என்று நாலு வருடமாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் வீடியோ அழைப்பில் டிக்கெட்டைப் பார்த்து வாசித்தாள்.

"விடியக் காலமை நாலு மணிக்குக் கொழும்பிலை ஏறினா, அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு இஞ்சை நிப்பியளப்பா."

கொழும்பு மணிக்கூடு ஒன்பதரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அப்பா விரல் மடித்து எண்ணினார். பதினொரு மணித்தியாலம்தானே என்று மனிதர் உடனே தலையாட்டிவிட்டார். உண்மையில் இருபதரை.

மொந்திரியால் விமான நிலையத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. நம் ஆட்கள் தூரத்துப் பஸ் ஏறுமுன் தண்ணீரைத் தொடமாட்டார்களே, அதே புத்தியை அப்பா ஆகாயத்துக்கும் கொண்டுபோயிருந்தார். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரர் இருவரையும் எழுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போகக் கூச்சம். பதினொரு மணித்தியாலம் தாங்கலாம் என்று ஒரு தீர்மானம்.

இடையில் மாறி ஏறிய இரண்டாவது விமானத்தில், ஊர் நேரம் காட்டிய கைக்கடிகாரத்தில் மூன்று மணி ஆனதும் போர்வையை மடித்து, சப்பாத்தைக் கட்டி, இறங்கத் தயாராகிவிட்டாராம். விமானம் இறங்கவேயில்லை.

"கேக்கப் பாசையும் தெரியாது. பிளேன் வழி மாறிப் போட்டுதோ எண்டு பயந்துபோனன் பிள்ளை," என்று சிரித்தார்.

அவள் தண்ணீர்ப் போத்தலை வாங்கி வந்து, அவர் குடிக்கக் குடிக்க எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். அவர் ஏசவில்லை. போத்தலை மூடி மடியில் வைத்தார்.

"ஊரிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்தனான். மகள் கிட்டத்தான் இருக்கிறாள், இனி வருசாவருசம் போய்ப் பாப்பன் எண்டு."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒன்பது வருடமாக அவள் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யார் கேட்டாலும் இருபது மணித்தியாலம் ஆரால் குந்தியிருக்க ஏலும் என்றுதான் சொல்லி வந்தாள். நாற்பத்திரண்டு வயதில் தனக்குப் பாரமாக இருந்த தூரத்தை எழுபத்துநாலு வயது மனிதரின் தலையில் கட்டியிருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

"இனி நீங்கள் வரவேண்டாமப்பா. நான் வாறன்."

"எத்தனை மணித்தியாலமெண்டு தெரிஞ்சுதானே சொல்லுறாய்?"

அவள் கைபேசியை எடுத்து, தான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்துப் பொறுப்பாளருக்கு, தை மாதம் மூன்று கிழமை லீவு வேண்டும் என்று அப்பாவின் கண்முன்னாலேயே எழுதி அனுப்பினாள்.