ஒற்றருக்கு அரை மாத்திரை

அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ஒற்றர். பிழை திருத்த வரும் மெய்ப்புத் தாளில் எங்கே ஒரு ‘க்’கோ ‘ப்’போ விடுபட்டிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். மூன்று மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. கை கால் தப்பின. ஆனால் ல, ள, ழ மூன்றும் உடன்பிறப்புகள் போல ஒரே சாயலில் தெரியத் தொடங்கின. இப்போது அதுவும் தெளிந்துகொண்டிருந்தது. முதலாளி ஒரு பள்ளி இலக்கணப் புத்தகத்தின் பதினாறு பக்கங்களில் பத்துப் பிழைகளை ஒளித்து அனுப்பியிருந்தார். அத்தனையும் பிடித்தால் பழைய நாற்காலி அவருக்கு.

மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுக்கப் பெட்டியைத் திறந்த மனைவி, உள்ளே ஐந்து அரை மாத்திரைகளைக் கண்டாள்.

"ஏங்க, என்ன இது?"

"பிரஷர் மாத்திரை. பாதி."

"பாதின்னு எனக்கும் தெரியுது. மீதி?"

"வயித்துல. பிரஷர்தான் எறங்கிடுச்சே, அப்புறம் எதுக்கு முழுசு?"

அவளும் அதே அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவள்.

"புத்தகத்துல பிழையே வர்றதில்ல, இனிமே பாதிப் பக்கம் பார்த்தா போதும்னு முதலாளி சொன்னா விட்டுடுவீங்களா?"

அவள் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் கருவியை அழுத்தினாள். நூற்று நாற்பத்தெட்டு. போன வாரம் நூற்று இருபத்தாறு.

"அழுத்தம் ஏறாம இருந்தா மறுபடி அடைப்பு வர்ற வாய்ப்பு குறையும், ஞாபகம் மங்காம இருக்கவும் உதவலாம்னு டாக்டர் சொன்னாரே. உங்க ழகரம் அங்கதானே குடியிருக்கு?"

"‘உதவலாம்’னார். ‘உதவும்’னு சொல்லல."

"மூளையில அடைப்பு வந்தாலும் விகுதியை விடமாட்டீங்க."

அவள் டாக்டருக்கு ஃபோன் செய்தாள். விட்ட பாதிகளைச் சேர்த்துப் போட வேண்டாம், இன்றைக்குரிய முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாளை வந்து காட்டட்டும் என்றார் அவர். அவள் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு நகர்ந்தாள். ஒற்றர் டம்ளரை ஓரம் தள்ளிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

பதினாலாம் பக்கத்துக்குள் பத்தும் அகப்பட்டன. பதினைந்தாம் பக்கத்தில் அவர் கடகடவென்று சிரிக்கும் சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள்.

"இங்க பாரேன். ‘மெய்யெழுத்துக்கு ஒரு மாத்திரை, உயிர்க்குறிலுக்கு அரை மாத்திரை’ன்னு தலைகீழா அடிச்சிருக்காங்க. எழுத்தோட கால அளவுகூடத் தெரியல."

"எது சரி?"

"மெய்க்கு அரை."

"உயிருக்கு?"

"ஒண்..." அவர் நிறுத்தினார்.

"ஒற்றர் ஐயா, உயிருக்கு எத்தனைன்னு கேட்டேன்."

"ஒண்ணு," என்று முனகியபடி டம்ளரைத் தன் பக்கம் இழுத்தார்.

திருத்திய பக்கங்கள் கைக்கு வந்ததும், மாலையில் முதலாளி ஃபோனில் கூப்பிட்டார். "பத்துதானே வச்சேன், பதினொண்ணு சுழிச்சிருக்கீங்க?"

"ஒண்ணு தானா வந்தது, முதலாளி. மாத்திரையில பிழை."

"அப்படியா? யார் விட்டது?"

ஒற்றர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "நான்தான்."

மறுமுனை சற்றுக் குழம்பியது. "சரி, டாக்டர் வேலைக்கு விட்டதும் வந்து விவரமா சொல்லுங்க. நாற்காலியைத் தொடைச்சு வைக்கச் சொல்றேன்."