எழுபத்தைந்து கிலோவும் ஒரு நாற்காலியும்

சீசன் கூட்டத்தில் குற்றாலத்துக்குள் கார் நகரவில்லை. ஓய்வுபெற்ற சுபேதார் பலவேசம் எடை தூக்கும் போட்டி நடந்த கல்யாண மண்டபத்தை அடைவதற்குள், மருமகள் வேல்விழி முதல் தூக்கை முடித்துவிட்டாள். எழுபது கிலோவைப் பஞ்சு மூட்டை மாதிரி ஏற்றிவிட்டதாக ஜிம் நடத்தும் ஞானதுரை சொன்னான். சொன்ன கையோடு அவரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, நடு நாற்காலியில் உட்காரவைத்தான். சபையில் கொடுத்த நாற்காலியை விட்டுப் பாதியில் எழுந்த ஆள் பலவேசத்தின் குடும்பத்தில் கிடையாது. வீரகேரளம்புதூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேல்விழி தென்காசியில் போலீஸ்காரி. பெஞ்ச் பிரஸ் போட்டியில் அவள் அதுவரை தூக்கியதில் அதிகம் எழுபத்திரண்டரை. எழுபத்தைந்து தூக்கினால்தான் மாநிலப் போட்டி. அவள் போகப்போகிறாள் என்று சொந்தபந்தம் முழுக்க அவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

இரண்டாவது வாய்ப்பில் எழுபத்தைந்து கேட்டாள். பெஞ்சில் மல்லாந்து படுத்து, ராடை நெஞ்சுக்கு இறக்கி, நடுவர் சொன்னதும் மேலே தள்ளினாள். ராடு ஏறிவிட்டது. ஆனாலும் தூக்கு செல்லாது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இடது குதிகால் தரையை விட்டு எழும்பிவிட்டதாம்.

“இவளுக்குக் காலு ஒருநாளும் அசையாது அண்ணாச்சி,” என்றான் ஞானதுரை. “இன்னைக்கு என்னமோ உள்ள இழுத்துட்டா.”

பலவேசம் அப்போதுதான் மேடைக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சைக் கவனித்தார். தலைப்பக்கம் கூட்டத்தைப் பார்த்திருந்தது. கால்பக்கம் நேராக அவருடைய நாற்காலியைப் பார்த்திருந்தது.

கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் அவள் அவர் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. கணுக்காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த மாதம்கூட, அவர் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். இருக்கட்டும் என்று அவர் சொல்லியும் கேட்டதில்லை. இப்போது போய்ச் சொன்னால் மட்டும் அந்தக் கால் கேட்குமா?

கடைசி வாய்ப்புக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பலவேசம் எழுந்தார்.

ஞானதுரை பதறிப்போனான். “எங்க போறிய அண்ணாச்சி? நீங்க எந்திரிச்சா சபை என்ன நெனைக்கும்?”

“நெனைச்சிட்டுப் போகட்டும்லே. நான் அங்கன நிக்கேன்.”

மேடையை விட்டு இறங்கி, பெஞ்சின் தலைப்பக்கம், அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு நடுவே போய் நின்றார். வேல்விழி கையில் வெள்ளைப்பொடி தடவிக்கொண்டே வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். கூட்டத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அவள் போய்ப் படுத்தாள்.

“பிரஸ்,” என்றார் நடுவர்.

ராடு பாதி ஏறி நின்றது. முழங்கைகள் நடுங்கின. பாதங்கள் மட்டும் அடித்த ஆணியாக நின்றன. மலையுச்சிக்குக் குண்டுப்பெட்டி சுமந்த ஜவான்களை அவர் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு பிடிவாதத்தைப் பார்த்ததில்லை. அங்குலம் அங்குலமாக ஏறி, கைகள் முழுசாக நிமிர்ந்தன. மூன்று விளக்கும் வெள்ளை.

பக்கத்தில் நின்ற ஈரத்துண்டுக்காரர் அந்தப் பொண்ணு யாரு என்று கேட்டார். ஊரில் அவளைப் பலவேசம் மருமகள் என்றுதான் சொல்வார்கள். அவரும் மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லாமல் யாரையும் அறிமுகம் செய்யமாட்டார்.

“வேல்விழி,” என்றார். “நான் அவளுக்கு மாமனாரு.”