அதுமானி கடலோடு போன கதை

கென்யாவின் லாமுத் தீவில் கார் கிடையாது. அந்தக் குறையை மெஜுமா தீர்த்துவைத்தாள். அவள் சந்தில் வருகிற வேகத்தைப் பார்த்தால் கழுதைகள்கூடச் சுவரோடு ஒட்டி வழிவிடும். ஐந்து அறை விடுதி ஒன்றைப் பல வருடமாக நடத்திவந்தாள். "இங்கே அவசரமே கிடையாது, காலை நீட்டி உட்காருங்க" என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு, மறுநொடியே மீன்காரனைப் பிடிக்க ஓடுவாள்.

மழைக்கு முந்தைய மந்த காலத்தில் ஒருநாள், மாடி அறைக்குச் சொல்லிவைத்திருந்தவர் வராமல் போனார். கடலைப் பார்த்த அறை. விரித்த படுக்கை சும்மா கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்ற மெஜுமா, சமையல்காரன் கோம்போவைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு நாளைக்கு நான் விருந்தாளி. என்னை எதுவும் கேட்காதே. வீடு இடிஞ்சு விழுந்தாலும் மெதுவா விழச் சொல்லு."

கோம்போ தலையாட்டினான். அவன் சந்தோஷம் தேவைக்கு அதிகமாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மொட்டைமாடியில் சாய்ந்துகிடந்தாள். இஞ்சித் தேநீர் வரவில்லை, கூடத் தின்னும் மண்டாசிப் பணியாரமும் வரவில்லை. எட்டிப்பார்த்துக் கத்தினால், "இங்கே அவசரமே கிடையாதும்மா" என்றான் கோம்போ கீழேயிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள் ஞொகாபி. நைரோபிக்காரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முந்தின நாள் மாலைதான் வந்திருந்தாள். மெஜுமாவையும் தன்னைப் போல ஒரு விருந்தாளி என்று நினைத்துக்கொண்டாள்.

"குழாய்ல தண்ணி வரலை, கவனிச்சியா தங்கச்சி? நேத்தே சண்டை போட்டிருப்பேன். ஆனா இந்த வீட்டுக்காரி கதையைக் கேட்டதும் மனசு வரலை."

"என்ன கதை?"

"பாவம், புருஷனைக் கடல் கொண்டுபோயிடுச்சாம். படகுப் பந்தயத்துல யாரோ தவறி விழ, காப்பாத்தக் குதிச்சாராம். அதுலேர்ந்து அந்தம்மா யார் முகத்துலயும் முழிக்கிறதில்லையாம். சமையல்காரத் தம்பி சொல்லிட்டு அழுதான். கேட்ட விருந்தாளிங்க நாங்க மூணு பேரும் அழுதோம்."

மெஜுமாவின் கணவன் அதுமானி எதிர்க்கரைக்குப் போகும் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு. "காப்பாத்தினாரா?"

"காப்பாத்திட்டுத்தான் போயிருக்கார்."

மெஜுமாவுக்கு அப்படி ஒரு புருஷனோடு வாழ்ந்தோம் என்று நினைக்க, கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சமையலறைக்கு இறங்கினாள்.

"யாருடா செத்தது?"

கோம்போ அசரவில்லை. "பம்பு கெட்டு ஒரு மாசமாச்சும்மா. இதோ வந்து பார்க்கிறேன்னு அதுமானி அண்ணன் தினமும் சொல்றாரு. ஆள் இருக்காரு, ஆனா வரமாட்டேங்கறாருன்னு சொன்னா என்னைத் திட்டுறாங்க. ஆளே இல்லைன்னா அழுறாங்க. எனக்கு எது வசதி, நீங்களே சொல்லுங்க."

நேராக ஊர்க் கோட்டைக்கு முன்னால் இருந்த மரத்தடிக்குப் போனாள். அதுமானி அங்கேதான் இருந்தான். குழிப்பலகையில் காய் போட்டு பாவோ ஆடிக்கொண்டிருந்தான்.

"நீங்க செத்துட்டீங்களாம், தெரியுமா?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "எத்தனை பேரைக் காப்பாத்தினேன்?"

"ஒருத்தரை."

"ரெண்டுன்னு சொல்லியிருக்கலாம்." ஒரு காயை எடுத்து வைத்தான். "சரி, இனிமே நான் வீட்டுப் பக்கம் வர்றது நல்லாயிருக்காது. பார்த்தா பயந்துடுவாங்க. பம்பு வேலையை வேற யார்கிட்டயாவது சொல்லிடு."

கூட ஆடியவர்கள் சிரித்தார்கள். மெஜுமா பதில் சொல்வதற்குள் கையில் கேமராவோடு ஞொகாபி வந்து நின்றாள்.

"இவர் யாரு தங்கச்சி?"

அதுமானிதான் முந்திக்கொண்டான். "செத்துப்போன அதுமானியோட தம்பிங்க நான்." மிகவும் சோகமாகச் சொன்னான். பெருமையும் கொஞ்சம் இருந்தது.

ஞொகாபி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வகுப்புக்கு வராமல் மரத்தடியில் உட்கார்ந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள்.

"அண்ணன் முன்பின் தெரியாதவனுக்காகக் கடல்ல குதிச்சாரு. தம்பி, அண்ணி வீட்டுல தண்ணியில்லாம இருக்கறப்ப காய் நகர்த்துறீங்க. எழுந்திருங்க!"

"இந்த ஒரு ஆட்டம் முடிச்சுட்டு..."

"எழுந்திருன்னு சொன்னேன்!"

அதுமானி எழுந்தான். கூட ஆடியவர்களும் என்னவோ தங்களையும் சொன்னதுபோல எழுந்து நின்றார்கள். ஞொகாபி அவனைச் சந்து வழியே முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு போனாள். பம்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொன்னான். "முதல்ல தண்ணியை வர வை" என்றாள். மதியத்துக்குள் குழாயில் தண்ணீர் கொட்டியது. அதுமானி அந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்வான் என்று அவனுக்கே தெரியாது.

மெஜுமா தலையோடு குளித்துவிட்டு மாடியில் படுத்தாள். தேங்காய்ப்பால் மீன் குழம்பு அவளைத் தேடி வந்தது. கோம்போ அன்று அவசரப்பட்டான்.

ஊருக்குக் கிளம்பும்போது ஞொகாபி அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"நீ இன்னும் இருப்பேல்ல? அந்த வீட்டுக்காரியைப் பார்த்தா சொல்லு. செத்தவரையே நினைச்சுக்கிட்டு இருந்தா எப்படி? அந்தத் தம்பி நல்ல பையன், உழைப்பாளி. அவனைக் கட்டிக்கச் சொல்லு."

"சொல்றேன்க்கா" என்றாள் மெஜுமா. "ஆனா அவ ஒத்துக்குவாளான்னுதான் தெரியலை."