இறக்கை விரிக்கும் அளவு

பிராணிக் கடைக்காரர் யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவருடைய பிராணிகளைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போகும். அவர் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்று காலை கையில் அளவு டேப்போடு கடைக்குள் வந்த பிராணி நல ஆய்வாளரைப் பார்த்ததுமே அவள் கணவரின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

ஆய்வாளர் இளம் பெண். அதட்டவில்லை, அதிகாரம் காட்டவில்லை. தண்ணீர்க் கிண்ணங்களில் விரலை விட்டுப் பார்த்தாள். முயல்களின் காதுக்குள் டார்ச் அடித்தாள். நாய்க்குட்டி ஒன்றை மடியில் போட்டுப் பாதத்தைப் புரட்டினாள்.

"சுத்தமா வெச்சிருக்கீங்க அண்ணே. சாப்பாட்டுலயும் குறை இல்ல. ஆனா குட்டிங்க வெறும் கம்பி வலை மேல படுத்திருக்கு. பாதம் எல்லாம் சிவந்து கிடக்கு பாருங்க. படுக்க ஒரு பலகையாவது இருக்கணும்னு சட்டமே சொல்லுது."

"போட்டுடறேன் மேடம்."

அடுத்து அவள் நின்றது மாப்பிள்ளையின் கூண்டு முன்னால். மாப்பிள்ளை என்பது சாம்பல் நிறப் பெரிய கிளி. உட்கார்ந்த இடத்திலேயே தின்றுவிட்டு, கொடுத்ததில் எல்லாம் குறை கண்டுபிடிப்பதால் கடைக்காரரின் மனைவி வைத்த பெயர். வாங்க வந்தவர்களை எல்லாம் கடித்துத் துரத்தியதில், கடையிலேயே வருஷக்கணக்காகத் தங்கிவிட்டது.

ஆய்வாளர் கூண்டை அளந்தாள். "ரெண்டு இறக்கையையும் முழுசா விரிச்சா கம்பியில படக்கூடாது. இதுல பாதிகூட விரிக்க முடியாதே."

"அது விரிக்காதுங்க. சுபாவமே சோம்பேறி."

"விரிக்க எடம் இருந்தாதானே அண்ணே, சோம்பேறியா இல்லையான்னு தெரியும்?"

மாத முடிவுக்குள் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு அவள் போனாள்.

மதியம் அவர் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"புள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன். என்னைப் போயி இப்படிக் கேட்டுட்டா."

"அந்தப் பொண்ணு உங்களை ஒண்ணும் திட்டலையே. எடம் பத்தலைன்னுதானே சொல்லுச்சு?"

"எடத்துக்கு எங்க போறது? சுவத்தை இழுத்தா நீளுமா?"

அவள் குழம்பை ஊற்றினாள். பிறகு, "நம்ம ரூமைக் குடுத்துடலாங்க" என்றாள். கடைக்குப் பின்னால், ஜன்னலோடு இருந்த ஒரே நல்ல அறை அது.

"அப்ப நாம எங்க படுக்கறது?"

"மாடியில தீவன மூட்டை போடற ரூம் இருக்குல்ல. மூட்டையைக் கீழ இறக்கிட்டா நாம மேல ஏறிடலாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று தேடினார். இல்லை என்று தெரிந்ததும் தட்டில் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

வெல்டிங் பட்டறை வைத்திருந்த மச்சான் வந்து, திட்டிக்கொண்டே வேலையை முடித்துக் கொடுத்தார். "என் தங்கச்சியை மூட்டையோட மூட்டையா போட்டுட்டு கிளிக்கு மாளிகை கட்டறீங்களா?" என்று கேட்டவர், கம்பி முனை எதுவும் கிளியைக் கிழித்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிட்டுத்தான் போனார். குட்டிகளுக்குப் பலகை வந்தது. பழைய அறையில் பாதி, மாப்பிள்ளையின் கூண்டு ஆனது.

ஆனால் மாப்பிள்ளை பறக்கவில்லை. புதுக் கூண்டின் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. கொம்பின் மீது நாலு அடி எடுத்து வைக்கும், நிற்கும், திரும்பிவிடும். நாளாக ஆகத்தான் கடைக்காரருக்கு உறைத்தது. பழைய கூண்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அது நடக்கிறது. அதற்கு அப்பால் கம்பி இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிப்போயிருந்தது. அவர் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கால் மீது கையை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மதிய வேளைகளில் கடையை அவளிடம் விட்டுவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் அவள் எட்டிப் பார்த்தாள். தொப்பையும் தானுமாகக் கிளியின் முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தலையைச் சாய்த்து வேடிக்கை பார்த்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினால், பின்னால் ஆய்வாளர் நிற்கிறாள். மாதம் முடிந்திருந்தது.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "ரொம்ப நாள் மடக்கியே வெச்சிருந்த இறக்கை அண்ணே. சதை வலுவா ஆகணும். அவசரப்படுத்தாதீங்க, அதுவா வரும்" என்றாள்.

கைகளைச் சட்டென்று இறக்கிக்கொண்ட கடைக்காரர், "வருமா மேடம்?" என்று குழந்தை போலக் கேட்டார்.

எல்லாம் அளந்து முடித்து லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டபின், இவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது என்று ஆய்வாளர் கேட்டாள். கடைக்காரரின் மனைவி அவளை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். கட்டில் போட்ட பிறகு கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது.

"காலை நீட்டினா சுவத்துல இடிக்குமே அக்கா."

"இடிக்கும்தான். ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துக்குவோம்."

"நல்லவேளை, என் சட்டம் மனுஷங்களுக்கு இல்ல. இருந்தா கடைக்குப் பூட்டுதான்" என்றாள் ஆய்வாளர். அவர்கள் இருவரும் சிரித்த சத்தம் கீழே கடைவரை கேட்டது.

பிறகு எத்தனையோ காலைகள் ஒன்றும் நடக்காமலே போயின. மழை விட்டிருந்த ஒரு காலையில் கடைக்காரரின் மனைவி கிளியின் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் காற்று அடித்தது. நிமிர்ந்தாள். மாப்பிள்ளை மூலையை விட்டு வந்து, நடுக் கொம்பில் நின்று, இரண்டு இறக்கையையும் விரித்திருந்தது. ஒரு சாம்பல் நிறத்துக்குள் இத்தனை சாயல் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மூடியே கிடந்த இறகுகளிலிருந்து தூசி பறந்து ஜன்னல் வெயிலில் மிதந்தது.

"என்னங்க" என்று மெல்லத்தான் கூப்பிட்டாள்.

அவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து கதவருகே நின்றார். பற்பசை நுரை பனியனில் ஒழுகியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மாப்பிள்ளை இறக்கையை மடக்கியது, ஒரு கணம் யோசித்தது, மறுபடி விரித்தது.

குட்டிகள் பாலுக்குக் கத்த ஆரம்பித்தன. அவள் துடைப்பத்தை ஓசைப்படாமல் சுவரில் சாய்த்துவிட்டு, அவரை அங்கேயே நிற்க விட்டுப் பால் காய்ச்சப் போனாள்.