குடைக்கு வசனம் எழுதியவள்

1

இந்தக் கதை எனக்கு அமெரிக்காவில், டுலூத் நகரில், ஓர் இறுதிச் சடங்குக்குப் பிறகு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கிடைத்தது. சொன்னவள் மார்லிஸ் ஹெக்ஸ்டாட், என் பக்கத்து வீட்டுக்காரி. இறந்தவள் அவள் அக்கா ஐனெஸ். ஆறுதல் சொல்லவேண்டிய நேரத்தில் நான் மனதுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘குடைக்கும் மனசு உண்டு என்று...’ (வேண்டாம். தித்திக்கிறது.)

இரண்டாவது: ‘மார்லிஸ் கெட்டவள் அல்ல.’ (உடனே சந்தேகப்படுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். மார்லிஸ் உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு கேலிச்சித்திரம் வரைவாள். சிடுசிடுக்கும் டோஸ்டர், வலதுகாலைப் பார்த்துப் பொறாமைப்படும் இடதுகால் பூட்ஸ். எதுவும் எடுபடவில்லை. அப்படியிருந்த ஒரு வருஷம் ஐனெஸின் புருஷன் அவளை விட்டுப்போனான். அவள் தினமும் தங்கைக்குப் போன் செய்து அழுதாள்.

“மழை பெஞ்சாத்தான் எல்லாருக்கும் என் நெனப்பு வருது, மார்லி. வெயில் வந்தா மூலையில சாத்திடுறாங்க.”

அடுத்த வாரம் ஒரு கிழிந்த குடை அதையே சொன்னது. ஊர் சிரித்தது. குடைப் படங்கள் காலண்டராகவும் அச்சாயின.

ஐனெஸ் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டாள்.

“உன்கிட்ட அழுதேன்டி. ஊரையே சிரிக்க வச்சுட்ட.”

“உன் பேரையா போட்டேன்?”

“போட்டிருந்தாக்கூடத் தேவல.”

ஒன்பது வருஷம் பேச்சில்லை.

3

(இங்கே மார்லிஸ் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுவதாக ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அவள் எழுதவில்லை. குடையை வரைவதையும் நிறுத்தவில்லை.)

அக்காவுக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஐனெஸின் கட்டிலுக்கு எதிரே அந்தக் காலண்டர். விஷயம் தெரியாத நர்ஸ் மாட்டியது. மார்லிஸ் கழற்றப் போனாள்.

“விடு. அந்தப் பொண்ணு தினம் அதப் பாத்துச் சிரிக்குது.”

“உனக்கு?”

“எனக்கு என் குரல் கேக்குது.”

4

அக்கா கையை நீட்டினாள் என்று முடிக்கலாம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள் என்றும் முடிக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. குனியச் சொல்லி, மார்லிஸின் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

அந்த வாக்கியத்தை மார்லிஸ் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“எழுதப்போறீங்க, இல்ல?”

ஐனெஸ் சொன்னது: [ ]

அந்த வாக்கியத்தைவிட நல்ல முடிவு எனக்குக் கிடைக்காது என்று தெரியும். நீங்கள் எதை வேண்டுமானாலும் அங்கே எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னது அவளோடு இருக்கட்டும்.