அத்தான் கணக்கில் ஏறாத பந்துகள்

எங்கள் காகித ஆலையில் பன்னிரண்டு பேருக்குக் கூடைப்பந்து ஆடுவதால்தான் வேலை. அணியிலிருந்து எடுத்துவிட்டால் ஆலையிலிருந்தும் எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அன்று மதியம் ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் நாங்கள் மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது ஏணியைப் பற்றி. ஏணி என்பது பட்டப்பெயர்; ஆளுக்கு ஆறடி ஏழங்குல உயரம், முப்பத்தைந்து வயது, இரண்டு முட்டியிலும் பட்டை. என் அக்காவின் கணவர். நான் அணியின் ஸ்கோரர். யார் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்டு என்று தாளில் குறிப்பவன்.

"ஆட்டமே மாறிப்போச்சு சார்," என்றார் பணியாளர் அதிகாரி. "இப்ப வெளியிலேர்ந்து மூணு பாயிண்ட் போடுறவன்தான் ஜெயிக்க வைக்கிறான். கூடைக்குக் கீழ கம்பம் மாதிரி ஒருத்தரை நிறுத்தி வெச்சு யாரு கப்பு வாங்கினா?"

கோச்சுக்குச் சுர்ரென்று ஏறியது. "உள்ள அவன் நிக்கிறான்ங்கிற தைரியத்துலதான் மத்த நாலு பேரும் வெளிய ஓடுறானுங்க. எதிராளி உள்ள வரவே பயப்படுறான். அந்தப் பயத்தை எந்தத் தாள்ல எழுதுறது?"

"ரீபவுண்டை எழுதலாமே." அதிகாரி என் தாளைக் கோச் முன்னால் தள்ளினார். "விழாம திரும்புற பந்தைப் பிடிக்கத்தானே இந்த உயரம்? மேட்சுக்கு ஆறு. நம்ம குள்ளனே அஞ்சு பிடிக்கிறான்."

கோச் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தார்.

அந்த ஆறு பொய். மூன்று வருடத்துக்கு முன் நான் பேனாவைப் பிடித்த முதல் மாதமே, கேன்டீனில் ஒருவன், "உனக்கென்ன ஏணி, பேனா உன் மச்சான் கையில," என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து இரண்டு பேர் கை ஒன்றாகப் பட்ட பந்து, அத்தான் தட்டிவிட்டு இன்னொருவன் பிடித்த பந்து, கொஞ்சம் சந்தேகம் வந்த பந்து எல்லாவற்றையும் மற்றவன் பெயரில் போட்டேன். நேர்மையைக் காட்டுகிறேன் பேர்வழி என்று அவர் வயிற்றில் அடித்திருக்கிறேன். நியாயமாகப் பார்த்தால் பத்துக்குக் குறையாது.

"நீங்க சொல்லுங்க," என்றார் அதிகாரி என்னிடம். "சொந்தக்காரர்னு தயங்க வேணாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தானுக்காக இட்டுக்கட்டுகிறான் என்பார்களே என்ற அதே பாழாய்ப்போன பயம். "ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கலாம் சார்," என்று மென்று விழுங்கினேன்.

"உங்க தாளை நம்பலாம். அத்தானுக்கே சலுகை காட்டாத ஆளு நீங்க."

பாராட்டினார்! ஏணியை அணியிலிருந்து எடுக்கும் கடிதத்தில் கோச் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நானும் போட்டேன்.

அத்தான் மைதான ஓரத்து பெஞ்சில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"எப்போலேர்ந்து?"

"மாசக் கடைசியோட."

ஐஸ் பையை அடுத்த முட்டிக்கு மாற்றினார். இந்த முட்டியோடு வெளியில் யார் வேலை கொடுப்பார்கள்? என்னால் தாங்க முடியவில்லை. கேன்டீன் சிரிப்பிலிருந்து கையெழுத்து வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"தெரியும் மாப்ளே," என்றார்.

"தெரியுமா?"

"ஒவ்வொரு மேட்சுக்கும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவியே. நான் பிடிச்ச பந்து எத்தனைன்னு எனக்குத் தெரியாதா? கேட்டா உனக்குச் சங்கடம். டீம் ஜெயிக்குதுல்ல, யார் பேருக்குப் போனா என்னன்னு விட்டுட்டேன்."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஐஸ் பையிலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினார், பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"உங்க அக்காகிட்ட முட்டி போச்சுன்னு எடுத்துட்டாங்கன்னு சொல்லப்போறேன். நீயும் அதையே சொல்லு. மாத்திச் சொல்லிடாத."